முதுகிலும் பதக்கம் குத்திக்கொண்ட ராஜா

என் தம்பி படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். யாங்கோன் டவுனில், ஆற்றங்கரைக்கு இறங்குகிற தெரு ஒன்றில், ஒரு சீனர் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. பட்டமளிப்பு போட்டோ, கல்யாண போட்டோ, புத்தர், முருகன், செத்துப்போனவர்கள், எல்லோரும் அவன் கைக்குத்தான் வருவார்கள். “எந்த மூஞ்சியா இருந்தாலும் நாலு கட்டையும் ஒரு கண்ணாடியும் போட்டா மரியாதை வந்துடுதுக்கா” என்பான்.

நான் இங்கிலீஷ் டீச்சர். முன்பு பள்ளிக்கூடத்தில், இப்போது டியூஷனில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தின்கன்ஜூனில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அம்மா போன பிறகு அந்த வீட்டில் என் வாக்குதான் வாக்கு. எங்கே எந்தப் பாத்திரம் இருக்க வேண்டும், அமாவாசைக்கு என்ன சமைக்க வேண்டும், எல்லாம் நான் சொன்னபடி. யாராவது எனக்கு ஒரு வேலை சொன்னால், அது நியாயமான வேலையாகவே இருந்தாலும், எனக்குப் பிடரி சிலிர்த்துக்கொள்ளும். பிறவிக் குணம். செருப்பால் அடித்தாலும் போகாது.

மூன்றாவது ஆள் தம்பியின் மனைவி. பர்மாக்காரி. அலோன் படகுத்துறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், அப்பா அங்கே மூட்டை தூக்கியவர். புத்தருக்கும் பூ வைப்பாள், எங்கள் சாமிகளுக்கும் விளக்கேற்றுவாள். வீட்டில் நாங்கள் பேசுவது பாதிக்கு மேல் பர்மிய மொழி, நடுநடுவே தமிழ். அவள் என்னை அக்கா என்று தமிழில்தான் கூப்பிடுவாள். நான் அவளைத் திருத்திக்கொண்டே இருப்பேன். கோலத்தில் புள்ளி தப்பு, திருநீறு வைக்கும் விரல் தப்பு, பொங்கலில் நெய் போதாது. அவள் தலையாட்டிவிட்டு அடுத்த முறை சரியாகச் செய்வாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பிளாட்பாரப் புத்தகக் கடையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஏழு படங்களை வாங்கிக்கொண்டு வந்தான். ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பிய்ந்து வந்தவை. அவன் வாங்கியது தாளுக்காக. தடவித் தடவிப் பார்த்தான். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலில் மை ஏற்றி, தாளின்மேல் அழுத்தி எடுத்த படங்கள் என்று அவன்தான் சொன்னான். விரலை வைத்தால் கோடு லேசாகத் தட்டுப்படும். எல்லாமே ஐரோப்பாவில், நூற்றைம்பது இருநூறு வருஷத்துக்கு முன்னால், ராஜாக்களையும் மந்திரிகளையும் கேலி செய்து போட்டவை. அடியில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னேன்.

ஒன்றில் நாலைந்து சிப்பாய்கள் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். உள்ளே கிடப்பது ஒரு மைக்கூடும் பேனாவும். பெட்டியின் இடுக்கு வழியாக மை ஒழுகி அவர்களுடைய வெள்ளைக் கால்சட்டையெல்லாம் கறை. இன்னொன்றில் ராஜா கண்ணாடி முன்னால் மார்பை நிமிர்த்தி நிற்கிறார், கண்ணாடிக்குள் நிற்பது ஒரு கொழுத்த வாத்து. தம்பி மனைவி அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எல்லாவற்றிலும் பெரியது ஏழாவது படம். ஒரு குண்டு ராஜா. தையல்காரர்கள் இரண்டு பேர் அவருக்குப் பதக்கம் குத்துகிறார்கள். மார்பு நிறைந்து, வயிறு நிறைந்து, தொடைவரை வந்தாயிற்று. முன்பக்கம் இடமில்லை, கொஞ்சம் திரும்புங்கள் மகாராஜா என்று தையல்காரன் கேட்கிறான். ராஜாவும் யோசிக்காமல் முதுகைக் காட்டுகிறார். மூலையில் ஒரு கிழவி வெறும் ரொட்டிக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இதை வரைஞ்சவங்களை என்ன பண்ணாங்கக்கா?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

“சில பேரை ஜெயில்ல போட்டாங்க. சில பேர் ஊரை விட்டு ஓடிட்டாங்க.”

“அவங்க வீட்டுப் பொம்பளைங்க?”

அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் போடவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

அந்த வருஷம் தைப்பூசம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் எழுந்தால் போன் வேலை செய்யவில்லை. டிவியில் ஒரே பாட்டு, ஒரே கொடி. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. மற்றது உலகத்துக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போகவில்லை. அவர்களுக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் என்று அப்புறம் போகவே இல்லை. பொழுது சாய்ந்ததும் எல்லா மாடியிலும் ராணுவத்தை எதிர்த்துச் சட்டி பானை தட்டினார்கள். தம்பி மனைவி என் இட்லிக் குண்டானைத் தட்டித் தட்டி நெளித்துவிட்டாள். அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துத் தம்பி அந்தக் குண்டு ராஜாவை போனில் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டான். ஒரு வார்த்தை எழுதவில்லை. ராஜா யாரைப் போல இருந்தார் என்று நானும் எழுதப் போவதில்லை. எழுதாமலே புரிகிறதே, அந்த மாதிரிப் படத்தின் வேலையே அதுதான். ஆயிரக்கணக்கான பேர் அதை எடுத்துப் போட்டார்கள்.

“செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆன வெள்ளைக்கார ராஜாக்கா. இதுக்கு என்னைப் பிடிச்சா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு அவங்களே வந்து சொன்ன மாதிரி ஆயிடும்” என்றான்.

அவன் கெட்டிக்காரன்தான். பிடிக்கிறவர்களுக்கு வெட்கம் இருக்கும் என்று நினைத்ததுதான் தப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு பையனைப் பேஸ்புக்கில் போராட்டப் பாட்டுப் போட்டதற்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே தம்பி படத்தை அழித்துவிட்டு, கையில் ஒரு பையோடு மாவ்பிக்குப் போனான். அங்கே அம்மா வழியில் தூரத்து உறவு ஒருவர் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். இரண்டாம் நாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான்.

“அக்கா, அந்த ஏழையும் எரிச்சிடு. இன்னிக்கே. சாம்பலைக்கூட வைக்காத.”

நான் எரிக்கவில்லை.

ஏன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். எழுத்து இருக்கிற தாளை எரிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவள். அது ஒரு காரணம். தாளைத் தடவிக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்த முகம் ஒரு காரணம். இதெல்லாம் வெளியே சொல்ல லாயக்கான காரணங்கள். உள்ளே இருந்தது அந்தப் பிடரிதான். எவனுக்கோ பயந்து என் வீட்டில் நான் எதை எரிக்க வேண்டும்?

பூஜையறையில் பிள்ளையார், முருகன், லட்சுமி, பக்கத்தில் மாலை போட்ட அப்பா. நாலும் தம்பியே தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவை. பின்பக்கப் பலகையைக் கழற்றி, சாமிக்கும் பலகைக்கும் நடுவே படங்களை வைத்து, திரும்ப ஆணி அடித்தேன். மற்றவர்களுக்குப் பின்னால் இரண்டிரண்டு போயின. குண்டு ராஜா பெரியவர், அதனால் லட்சுமிக்குப் பின்னால் அவர் மட்டும். தம்பி மனைவி அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் வந்த பிறகும் நான் சொல்லவில்லை.

ஒரு மதியம் வந்தார்கள். முன்னால் வார்டு ஆபீஸ்காரர், பின்னால் துப்பாக்கியோடு மூன்று பேர். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டார்கள், அலமாரியைக் கொட்டினார்கள், அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். பூஜையறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். சாமி அறைக்குள் செருப்போடு போக இந்த ஊரில் யாருக்கும் கால் வராது. வார்டு ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார். சின்ன வயசுச் சிப்பாய் ஒருவன் லட்சுமியைப் பார்த்துக் கை கூப்பினான். பிறகு போய்விட்டார்கள். அன்று எனக்கு இருந்த கர்வத்தை என்ன சொல்ல. இட்லி சுட்டு, சட்னி அரைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆறு மாதம் போயிற்று. புரட்டாசியில், இனிமேல் பயமில்லை என்று யாரோ சொன்னதை நம்பித் தம்பி திரும்பி வந்தான். கறுத்து, கைவிரலெல்லாம் மண் ஏறி. கடை முதலாளி ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். வந்த அன்று சாப்பிடும்போது தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“எரிச்சிட்டியாக்கா?”

“எரிச்சாச்சு.”

“சரி, விடு. நல்ல தாளு” என்றான். அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எல்லாம் ஒருநாள் சரியான பிறகு, ஆணியைக் கழற்றி எடுத்து அவன் முன்னால் நீட்ட வேண்டும் என்று இருந்தேன். அப்போதே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், எனக்கு ஒரு மூச்சு போதும்.

தீபாவளிக்கு வீடு கழுவினோம். கழுவினோம் என்ன, அவள் கழுவினாள். நான் டியூஷனுக்குப் போயிருந்தேன். சாமி படங்களை இறக்கித் துடைக்கும்போது லட்சுமி கைதவறி விழுந்து, கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. கண்ணாடி உடைந்த சாமி படம் வீட்டில் இருக்கக் கூடாது, கோயிலில் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சொல்லிக் கொடுத்தேன் என்பதுகூடப் பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்த பிள்ளையாரை அவள் பசை போட்டு ஒட்டப் பார்த்தபோது, வாசலில் பால்காரர் நிற்கும்போதே அவளைப் பார்த்துக் கத்தினேன்.

ஆகவே அவள் சரியாகச் செய்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூ வைத்து, புதுத் துணியில் சுற்றி, சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், அரசமரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் நான் படியேறி வந்ததும் என்னிடம் சொன்னாள். நான் மெச்சுவேன் என்று நினைத்திருப்பாள். முகத்தில் அது தெரிந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி ஓடினேன். மரத்தடியில் ஏழெட்டுப் பழைய சாமிகள் சாய்ந்து கிடந்தார்கள். மூலை கிழிந்த வெங்கடாசலபதி, நிறம் போன சரஸ்வதி. எங்கள் லட்சுமி இல்லை. புதுத் துணி மட்டும் வேரில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நல்ல தேக்குச் சட்டம். எவனோ கட்டைக்காக எடுத்துப் போயிருக்கிறான். பிரிக்கிறவன் பின்பலகையைத்தான் முதலில் கழற்றுவான். பலகையில் கடைச் சீட்டு ஒட்டியிருக்கும், சீட்டில் பென்சிலால் தம்பியின் போன் நம்பர் இருக்கும். தான் போடுகிற ஒவ்வொரு சட்டத்துக்கும் அவன் அப்படித்தான் எழுதுவான்.

திரும்பி வந்தேன். மூன்று நாள் இருந்தது எனக்கு. நன்றாகக் கவனியுங்கள், மூன்று நாள். அன்றே தம்பியிடம் சொல்லியிருந்தால் அவன் மறுபடி மாவ்பிக்குப் போயிருப்பான். சொல்லியிருந்தால், எரிச்சாச்சு என்று பொய் சொன்னது வெளியே வந்திருக்கும். எடுத்துப்போனவன் படிக்காதவனாக இருப்பான், தாளைக் கசக்கி அடுப்பில் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். தம்பி நாலு முறுக்கு தின்றுவிட்டு உப்பு அதிகம் என்றான்.

நாலாம் நாள் கடைக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

சீனர் போனில் சொன்னார், லட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்தது என்று சொல்லி, கடைச் சீட்டு ஒட்டிய பலகையையும் அந்தப் படத்தையும் மேசையில் விரித்து வைத்துக் கேட்டார்களாம். என் தம்பி அதைப் பார்த்திருப்பான். எரிந்துபோயிற்று என்று அக்கா சொன்ன ராஜா, முதுகைக் காட்டிக்கொண்டு, முழுசாக. அந்த நொடி அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள தைரியமும் இல்லை. அவன் சொன்னது ஒன்றுதான். “நான்தான் மறைச்சு வச்சேன், வீட்டில யாருக்கும் தெரியாது.”

அன்று மத்தியானமே மீதி ஆறையும் எடுத்துச் சமையலறையில் வைத்து எரித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தண்டனை ஆயிற்று. ரொம்ப நாள் பார்க்க விடவில்லை, வாசலில் பார்சல் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். முதலில் வந்தது மனைவிக்கு ஒரு கடிதம். அவள் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். படத்தை லட்சுமிக்குப் பின்னால் வைத்தது நான்தான், உன்னிடம் சொல்லாதது என் தப்பு, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தான். அவள் அழவில்லை.

“என்கிட்ட சொல்லியிருந்தா அந்தப் படத்தை வாசப்படி தாண்ட விட்டிருப்பேனாக்கா? என் கையாலேயே அவரைக் கொண்டுபோய்க் கொடுக்க வச்சுட்டாரே. பதினஞ்சு வருஷம் கூட இருந்தும் என்னை நம்பல அவரு” என்றாள்.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை முழுவதும் ஆய்ந்து முடித்தேன்.

அந்த மாதமே அவள் அலோனுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பார்க்க அனுமதி கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. மனுப் போட்டால் மாதம் ஒருவர் போகலாம். நான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி, பக்கத்தில் காவலர், பர்மிய மொழியில்தான் பேச வேண்டும். சாப்பாடு, உடம்பு, மழை. போகும்போதெல்லாம் அவன் கேட்பான், அவள் எப்படி இருக்கிறாள், எப்போது வருவாள். முதல் முறை மட்டும் நடுவில் ஒரே ஒரு வரி தமிழில் சொன்னான்.

“நீ எதையும் சொல்லிடாதக்கா. அவளும் இல்லன்னா உனக்கு யாரு?”

எரி என்றபோது கேட்காதவள், சொல்லாதே என்றபோது உடனே கேட்டுக்கொண்டேன்.

இப்படியே மாதங்கள். அவன் முன்பல் இரண்டு போயிற்று. இருமல் வந்து நின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் ஒருமுறை போனபோது, வெங்காயம் என்ன விலை என்று கேட்டான், சீனர் சௌக்கியமா என்று கேட்டான், நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னதும் எழுந்தான். அவளைக் கேட்கவில்லை. அடுத்த மாதமும் கேட்கவில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அலோனில் ஓர் அரிசிக் கிடங்கில் அவள் சாக்குத் தைக்கிறாள். பஸ்ஸில் போகும்போதே பதிலைத் தயார் செய்துகொண்டேன். உனக்கு ஆபத்து வரக் கூடாது என்றுதான் சொல்லவில்லை, தெரியாமல் இருப்பதே உனக்கு நல்லது என்று நினைத்தேன். கேட்க நன்றாகவும் இருந்தது. கிடங்கு வாசலில் மூட்டைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பூசிய தனகா மரச்சாந்து காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது, தலையெல்லாம் சணல் தூசி. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி அடித்தது, எரித்துவிட்டேன் என்று பொய் சொன்னது, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, கடிதத்தை அவள் படித்தபோது கீரை ஆய்ந்தது.

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

“அவருகிட்ட மறைச்சீங்க, சரி. எனக்கு ஏன் சொல்லல?”

பஸ்ஸில் தைத்து வைத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை.

“நீ எங்க ஆளு இல்லன்னு நெனச்சேன்” என்றேன்.

அவள் அந்தச் சாக்கின் வாயைக் கடைசிவரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அடுத்த மாச மனுவை என் பேருல போடுங்க” என்றாள்.

போட்டேன். அன்று காலை இறால் தூள் வறுத்து, பூண்டு சிவக்கப் பொரித்து, டப்பாவில் அடைத்து, சிறை வாசலில் அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எதிர்ப்பக்கம் டீக்கடையின் குட்டை முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. மூன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவனைப் பார்க்கிறாள். என்ன பேசியிருப்பார்கள், பல் போனதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியாது.

வெளியே வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. நேராக என்னிடம் வந்து நின்றாள்.

“அக்காவைத் திட்டாதேன்னாரு. இத்தனை நாள் ஏன் வரலன்னுகூடக் கேக்கல. மொதல்ல அதைத்தான் சொன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

நான் எழுந்து நின்றேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

“சத்தியத்தைக் காப்பாத்தணும். வாயைத் தொறந்தா திட்டிடுவேன். அதனால இனிமே நான் உங்ககிட்ட பேச மாட்டேன்.”

அலோன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். இப்போதும் மாதம் தவறாமல் இறால் தூள் வறுத்து அந்த டீக்கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன். அவள் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். டப்பாவைக் கழுவித் துடைத்து அதே கடையில் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.